கடைசி இடத்தில் இருதயமேரி

இருதயமேரியை ஏன் வேலையை விட்டு எடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அவளுடைய லைனுக்கு சூப்பர்வைசர் நான். எனக்கே புரியாவிட்டால் வேறு எவனுக்குப் புரியும்?

எங்கள் ஷூ கம்பெனி திண்டிவனம் ரோட்டில் இருக்கிறது. முகையூரிலிருந்து கம்பெனி பஸ் ஏறி வருவாள். பதினாலு வருஷம். ஷூவின் மேல்பாகம் தைப்பதில் அவள் வேகம் யாருக்கும் வராது. ஆனால் ஒரு பழக்கம். பக்கத்தில் யாராவது திணறினால், தான் தைத்த ஜோடிகளை எடுத்து அவர்கள் டிரேயில் போட்டுவிடுவாள். இன்றைக்கு ஒருத்திக்குக் காய்ச்சல், நாளைக்கு ஒருத்திக்கு வயிற்றுவலி. நானும் கண்டும் காணாமல் இருந்தேன். சாயங்காலம் லைனுக்கு மொத்தமாகத்தானே எண்ணுவார்கள், எவள் தைத்தால் என்ன?

போன வருஷம் ஒவ்வொருத்தி டிரேயிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். தினமும் ஒருவன் ஸ்கேனரோடு வந்து தனித்தனியாகக் கணக்கெடுத்துப் போவான். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மடையன் நான்.

ஆர்டர் குறைந்துவிட்டது, லைனுக்கு ஒரு ஆளைக் குறைக்கிறோம் என்று திடீரென்று அந்த ஸ்கேனர் கணக்கை வைத்து லிஸ்ட் வந்தது. என் லைனில் கடைசி இடம் இருதயமேரிக்கு. முதல் இடம் கலைப்பிரியாவுக்கு. ஏழு மாதக் கர்ப்பிணி, மதியத்துக்கு மேல் உட்காரவே முடியாமல் தவிப்பவள். சிறந்த தொழிலாளி என்று சான்றிதழ் வேறு. அதை வாங்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்து அழுதாள்.

"இதுல பாதி அக்கா தச்சது சார். போய்ச் சொல்லுங்க சார்."

போனேன். மேனேஜர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"சரி தேவநாதன், அந்த அம்மாவ வச்சிக்கலாம். யார் யாருக்குப் போட்டாங்களோ அவங்க பேரை எழுதிக் குடுங்க. அவங்கள்ல ஒருத்தரை வேலையை விட்டு எடுத்துடறோம்."

காகிதத்தோடு இருதயமேரியிடம் வந்தேன். "பேரைச் சொல்லும்மா, ஜல்தி. உன் வேலை பொழைச்சிக்கும்."

"யார் பேரைச் சொல்றது சார்? கலை மாசமா இருக்குது. பக்கத்து மிஷின் சின்னபொண்ணுக்குப் புருசன் இல்ல. நானாதான் போட்டுக்கினு இருந்தேன், அதுங்க கேக்கல."

"அப்ப நீ வீட்டுக்குப் போறியா?"

"அதான் சார் புரியல. நம்ம லைன் டார்கெட் ஒரு நாளும் கொறையலியே. நான் என்ன தப்பு பண்ணேன்?"

எரிச்சலில் அவள் மேலேயே கத்திவிட்டேன். அவள் விலகல் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பஸ் வரும்வரை மீதியிருந்த நாலு ஜோடியைத் தைத்து முடித்தாள்.

இரண்டே வாரத்தில் லைன் படுத்துவிட்டது. கடைசி ஆளைத்தானே நிறுத்தினோம், எப்படி இவ்வளவு இறங்கும் என்று மேனேஜர் என்னைக் குடைந்தார். நிரந்தர ஆள் எடுக்க மேலிடத்தில் அனுமதி இல்லையாம். ஏஜெண்ட் மூலம் கான்ட்ராக்ட் ஆள் எடுக்கலாமாம். ஆள் அதிகம் என்றவர்களும் இவர்கள்தான், ஆள் போதவில்லை என்பவர்களும் இவர்கள்தான். ஒரே பேஜாரு.

திங்கட்கிழமை ஏஜெண்ட் அனுப்பிய ஆள் வந்து நின்றது. கான்ட்ராக்ட்காரர்களின் மஞ்சள் மேல்சட்டையில், பாதிச் சம்பளத்துக்கு, இருதயமேரி.

"வளவனூர் ஏஜெண்ட் கூப்ட்டான் சார். எந்தக் கம்பெனின்னு சொல்லல, வேன்ல ஏத்திக்கினு வந்துட்டான்."

புது ஆள் யாராக இருந்தாலும் மூன்று மாதம் பயிற்சி, லைனில் முதலிடத்தில் இருப்பவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அது விதி. முன் அனுபவம் இல்லை என்று அச்சடித்தே வந்த படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கலைப்பிரியா தலையைத் தூக்கவே இல்லை. இருதயமேரி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, தையல் மிஷினைத் தொடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மேனேஜர் பாக்கறாரு கலை," என்றாள் மெதுவாக. "எனக்கு எதுனா சொல்லிக்குடு."