பிள்ளைகள் பிறக்காத வீடுகள்

தையற்காரிக்குப் பிள்ளைகள் மூன்று. மூத்தவளுக்கு வாய் நீளம், நடுவில் உள்ளவனுக்குக் கால் நிற்காது, கடைக்குட்டிக்கு இரண்டும் உண்டு. இந்த மூன்றையும் பெற்றவள், வாரத்தில் இரண்டு பிற்பகல் முன்பின் தெரியாதவர்களிடம் போய் "எனக்குக் குழந்தைங்க இல்லைங்க" என்று சொல்லிவிட்டு வருவாள். அதற்குச் சம்பளமும் வாங்குவாள்.

பாவம், அவளைத் திட்ட வேண்டாம். வேலை அப்படி. காலையில் துணிக்கடையின் பின்னறையில் கால்சட்டைகளின் நீளம் குறைப்பவள், பிற்பகலில் வீட்டுரிமை அலுவலகத்துக்காக வாடகை வீடு பார்க்கப் போவாள். பிள்ளை இருக்கிறது என்று சொல்லி யாருக்கும் வீட்டை மறுக்கக் கூடாது என்பது சட்டம். சட்டம் இருந்தால் போதுமா? மறுப்பவர் காரணத்தைச் சொல்லிவிட்டா மறுப்பார்? அதனால் வீட்டுக்காரரைச் சோதித்துப் பார்க்க ஒரே வீட்டுக்கு இரண்டு பேரை அனுப்புவார்கள். ஒரே வருமானம், ஒரே மாதிரி உடுப்பு. முதலில் போகிறவள் பிள்ளைகள் உண்டு என்பாள். பின்னால் போகிறவள் இல்லை என்பாள். முன்னவளிடம் "இப்பத்தான் ஒருத்தர் முன்பணம் குடுத்துட்டுப் போனாரு" என்றவர், பின்னவளுக்குச் சமையலறை அலமாரி முதற்கொண்டு திறந்து காட்டினால், ஆள் வசமாக மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம்.

இதில் வேடிக்கை, பிள்ளை உண்டு என்கிற வேடம் அவளோடு ஜோடியாகப் போகும், கல்யாணமே ஆகாத கண்ணாடிக்காரிக்கு. பெற்றவளை அனுப்பினால் பிள்ளைகளைச் சாக்கிட்டு மறுக்கும்போது சண்டைக்குப் போய்விடுவாள், சோதனை கெட்டுவிடும் என்பது அலுவலக மேலாளரின் கட்சி. தையற்காரியின் கோபத்தைப் பார்த்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள்.

மாலையில் வீடு திரும்பியதும் மூத்தவள் கேட்பாள்: "இன்னிக்கு எத்தனை வீட்டுல நாங்க பொறக்கலம்மா?" எல்லோரும் சிரிப்பார்கள். தையற்காரியும் சிரிப்பாள். ஆனாலும் உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும்.

இப்படியிருக்க, அவர்கள் குடியிருந்த கட்டடத்தையே இடிக்கப் போவதாகச் சொல்லி, மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கணவர் லாரி ஓட்டுபவர், பாதி நாள் சாலையில்தான் குடித்தனம். ஆக வீடு தேடும் வேலை இவள் தலையில் விழுந்தது. உங்களுக்குத்தான் அது கைவந்த கலையாச்சே என்று கண்ணாடிக்காரி கேலி செய்தாள். பிள்ளைகளோடு போய் நின்ற இரண்டு வீட்டிலும் அந்த முன்பணக்காரர் முந்திக்கொண்டிருந்தார். யார் கண்ணிலும் படாத அந்த மகராசன் எத்தனை வீட்டுக்குத்தான் முன்பணம் கொடுப்பாரோ! தையற்காரி இரண்டு வீட்டின் மேலும் புகார் கொடுத்தாள், விசாரணையும் தொடங்கியது. நியாயம் வரும்போது வரட்டும். மாதம் முடிந்ததும் பிள்ளைகளை எங்கே படுக்கவைப்பது?

மூன்றாவது வீட்டுக்குத் தனியாகப் போனாள். மாடி வீடு. கீழே வீட்டுக்காரம்மாள், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். எந்த வீட்டின் மேலும் ஆசை வைக்கக் கூடாது என்பது சோதனைக்குப் போகிறவர்களின் முதல் விதி. இந்த வீடோ அவளுக்குப் பிடித்துத் தொலைத்தது. வெளிச்சம் தாராளமாக வந்தது, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஜன்னலிலிருந்தே தெரிந்தது. ஜன்னல் கம்பியை இழுத்துப் பார்த்தாள். பால்கனிச் சுவர் தன் இடுப்புக்கு மேல் வருகிறதா என்று ஒட்டி நின்று பார்த்தாள். வீட்டுக்காரம்மாள் எதையும் கேட்கவில்லை. பிடித்திருந்தால் நாளைக்கே சாவியை வாங்கிக்கொள்ளலாம் என்றாள். அவ்வளவுதான், பழக்கதோஷம், வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எனக்குக் குழந்தைங்க இல்லைங்க."

நுணலும் தன் வாயால் கெடும். தெருமுனைக்கு வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அலுவலகத்துக்காகச் சொன்னபோது அது வேலை. இன்றைக்குச் சொன்னது வெறும் பொய், அதுவும் யாரும் கேட்காமலே. பேசாமல் குடிவந்துவிடலாம் என்றால், இந்த மூன்றையும் அலமாரியிலா ஒளித்துவைப்பது?

மறுநாள் மூன்று பேருக்கும் தலை வாரிவிட்டு, கையோடு அழைத்துக்கொண்டு போனாள். வீடு போனால் போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டுதான் மணியை அழுத்தினாள். கதவு திறந்ததும் மூச்சு விடாமல் சொன்னாள்.

"நேத்து பொய் சொல்லிட்டேம்மா. இவங்க மூணு பேரும் என் பிள்ளைங்க."

வீட்டுக்காரம்மாள் மூன்று தலைகளையும் ஒருமுறை எண்ணினாள். "மூணா? நான் ரெண்டுன்னு நெனச்சேன்."

தையற்காரிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"பிள்ளை இல்லாதவங்க ஜன்னல்ல காத்து வருதான்னு பார்ப்பாங்க. நீ கம்பியில தலை நுழையுமான்னு பார்த்தே. எத்தனை அம்மாங்களைப் பார்த்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

அப்படியென்றால் நேற்றே ஏன் கேட்கவில்லை என்று தையற்காரி தட்டுத்தடுமாறிக் கேட்டாள்.

"இருந்தாலும் குடுக்கத்தான் போறேன். அப்புறம் எதுக்குக் கேக்கணும்?"

சாவி கைக்கு வந்தது. மூத்தவள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அம்மாவின் காதருகே வந்தாள். "அப்போ இந்த வீட்டுல நாங்க பொறந்தாச்சாம்மா?"

"பொறந்தாச்சுடி" என்றாள் தையற்காரி. சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. அதற்குள் மற்ற இரண்டும் படிக்கட்டில் திமுதிமுவென்று ஏறத் தொடங்கியிருந்தன. அவள் பதறிப்போய்ச் சத்தம் போடாமல் ஏறச் சொல்லி அதட்டினாள்.

"விடும்மா" என்றாள் வீட்டுக்காரம்மாள். "பொறந்த பிள்ளைங்க சத்தம் போடத்தான் செய்யும்."