கிணற்றடியில் ஓல்ட் ஃபேஷன்ட்

என் வீட்டுக்காரருக்கு ஹோட்டல் பாரில் வேலை. ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் யாராவது கேட்டால், ‘ஹோட்டலில் ஆபீஸ் உத்தியோகம்’ என்று சொல்லி நழுவிவிடுவேன். அந்த உத்தியோகத்தில்தான் குடியும் ஒட்டிக்கொண்டது. அவர் வந்ததும் வாசலிலேயே நிறுத்தி, “ஊதுங்கோ” என்பேன். ஊதுவார். அப்புறம் கத்துவேன், அழுவேன். போன ஓணத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் கிடந்து ஒருவழியாகக் குடியை விட்டார். ஒரு சொட்டு நாக்கில் பட்டாலும் பழைய கதைதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வேறு வேலை எங்கே கிடைக்கிறது? அதே பாருக்குத்தான் திரும்பினார்.

புதிதாக வந்த மேனேஜர் எல்லோரையும் ஒரு காக்டெயில் கலந்து காட்டச் சொல்லிவிட்டார். ருசி சரியில்லாவிட்டால் வேலை போய்விடும். ருசி பார்க்காமல் பழகுவது எப்படி?

“நீ ஒரு ஸ்பூன் ருசிச்சுச் சொன்னா மதி, அது போதும்” என்றார்.

“என் தலையெழுத்து! அடுக்களைப் பக்கம் அந்தச் சனியன் வரப்படாது, சொல்லிட்டேன்.”

கிணற்றடியில் ஸ்டூல் போட்டார். கனமான, குட்டையான கண்ணாடி டம்ளரில் ஒரு சர்க்கரைக் கட்டி, அதன்மேல் நாலைந்து சொட்டு கசப்புச் சாறு, துளி தண்ணீர். நசுக்கிக் கரைத்தார். பிறகு பெரிய ஐஸ் கட்டி, விஸ்கி. நிதானமாகக் கலக்கி, சாலைக் கடைத்தெருவில் வாங்கிய ஆரஞ்சின் தோலை மேலே முறுக்கிப் பிழிந்தார்.

“அந்தக் காலத்துல அமெரிக்கால காக்டெயில்னாலே இவ்வளவுதான். கசப்பு வயித்துக்கு மருந்தாக்கும். அப்புறம் வந்தவா என்னென்னமோ சேர்த்தா. பழைய ஆளுகளுக்குப் பிடிக்கலை, முன்னாடி மாதிரியே குடுன்னு கேட்டா. அதான் ஓல்ட் ஃபேஷன்ட். கேட்டியா?”

“கஷாயத்துல சர்க்கரையைப் போட்டுட்டு அதுக்கு ஒரு புராணம் வேற!”

மருந்து ஸ்பூனால் உதட்டில் படாமல் தூக்கி விட்டுக்கொண்டேன். தொண்டை எரிந்தது. “சீ, ஒரே கசப்பு.” அடுத்த டம்ளர் பாயசமாக இனித்தது. மூன்றாவதில் கசப்பும் இனிப்பும் ஒன்றையொன்று இடிக்காமல் இறங்கின. “இதான்” என்றேன். எனக்குப் பிடித்துவிட்டது. அது பயமாகவும் இருந்தது.

மூன்றையும் அவரே சாக்கடையில் கொட்டினார். அப்பாடா, பத்மநாபா, பிழைத்தோம் என்று நினைத்துக்கொண்டு, வாய் கொப்பளிக்க வாளியில் கை விட்டேன். பக்கத்தில் வந்து நின்றார். முகத்தைப் பார்க்கவில்லை, என் வாயையே பார்த்தார்.

“கொப்பளிக்காதே” என்றார். “ஒரே ஒரு தடவை ஊதேன்.”

புடவைத் தலைப்பால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டேன். அவர் நகரவில்லை.