காப்பாற்றிய பாதி மீசை

தெருமுனை சலூன்காரர் ஒரு முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதற்குள் ஒளிந்திருக்கும் பொய்யைப் பிடித்துவிடுவார். இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். நாற்காலியில் உட்காருகிறவரின் கழுத்தில் துணியைக் கட்டும்போது இந்தச் செய்தியையும் சேர்த்தே கட்டிவிடுவார். தொண்டைக்கு அருகே கத்தி இருக்கையில் யாரும் மறுத்துப் பேசியதில்லை. ஆகவே அது நிரூபிக்கப்பட்ட உண்மையாகிவிட்டது.

அவருடைய இன்னொரு பெருமை மீசை. கடைப் பலகையில் கத்தரி, சீப்பு எதுவும் கிடையாது. அந்த மீசை மட்டும்தான் வரையப்பட்டிருக்கும்.

அவருடைய ஒரே துயரம் மனைவியின் தம்பி. மின்சார மீட்டர் கணக்கெடுக்கிறவர். அதனால் ஊருக்கே 'மீட்டர்'. அவருடைய உச்சந்தலை காலியாகி வெகுகாலம் ஆகிறது. காதோரத்தில் ஒரு கற்றையை மட்டும் நீளமாக வளர்த்து, எண்ணெய் தடவி, மண்டையைத் தாண்டி மறு காதுவரை இழுத்து ஒட்டவைத்திருப்பார். வீடு வீடாக ஏறி இறங்குகிற உத்தியோகம். "முடி எங்கே வெட்டுறீங்க?" என்று யாராவது கேட்டால், "எங்க மாமா கடையிலதான்" என்று முகமலர்ச்சியோடு சொல்லிவிட்டு வருவார். அந்தக் கற்றையை ஒருநாள், ஒரே ஒருநாள், கத்தரிக்க வேண்டும் என்பதே சலூன்காரரின் வாழ்நாள் லட்சியம்.

கடைக்கு விடுமுறை நாளில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உள்ளே சீட்டாட்டம் நடக்கும். ஆட்டம் ஸ்டட் போக்கர். ஆளுக்கு ஐந்து சீட்டு: ஒன்று கவிழ்ந்திருக்கும், நான்கு எல்லோர் பார்வைக்கும் மல்லாந்திருக்கும். காசு வைத்து ஆடக்கூடாது என்பது மனைவியின் உத்தரவு. அதனால்தான் ஆட்டம் இவ்வளவு ஆபத்தாகப் போனது.

அன்று சலூன்காரருக்குத் திறந்த சீட்டில் ஒரு ராஜா, கவிழ்ந்த சீட்டில் இன்னொரு ராஜா. தலைக்கனம் ஏற இதற்கு மேல் என்ன வேண்டும்?

"மாப்ளே, என் பாதி மீசை. நீ உன் கற்றையில பாதி வை."

மீட்டர் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "வெச்சேன் மாமா" என்றார்.

சீட்டுப் போடுகிற மருந்துக்கடைக்காரர் கடைசிச் சீட்டைப் போட்டார். மீட்டருக்கு முன்னால் நான்காவது இஸ்பேடு வந்து உட்கார்ந்தது. கவிழ்ந்து கிடப்பதும் இஸ்பேடு என்றால் ஐந்தும் ஒரே ஜாதி; ராஜாக்கள் இருவரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். வேறு எது என்றாலும் கற்றை காலி.

"மிச்சக் கற்றையும் வெக்கறேன். உங்க மிச்ச மீசை மாமா?"

சலூன்காரர் அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். சாதாரண வீட்டுக்கு யானை விலையில் பில் வரும் என்று தெரிந்தும் அசையாமல் எண்ணைக் குறித்துக்கொண்டு போகிற முகம். அதில் ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் அவருக்குக் காரணம் விளங்கியது: இத்தனை வருஷமாக அவர் முகங்களைப் படித்ததெல்லாம் கண்ணாடியில். நேருக்கு நேர் பார்த்துப் பழக்கமே இல்லை!

"மாப்ளே, கொஞ்சம் நாற்காலியில வந்து உக்காரு."

"எதுக்கு?"

"முகத்தைப் பார்க்கணும்."

"இங்கயே பாருங்களேன். மூக்கு எங்கயாவது போயிடுச்சா?"

மருந்துக்கடைக்காரரிடம் தீர்ப்பு கேட்டார்கள். அவர் யோசித்து, "உக்காரக் கூடாதுன்னு சட்டம் எதுவும் இல்லியே" என்றார்.

மீட்டர் கவிழ்ந்த சீட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாற்காலியில் ஏறினார். சலூன்காரர் பின்னால் போய் நின்றார். கை தானாகத் துணியை உதறிப் போர்த்தியது. விரல்கள் தாமாக நெற்றிப்பொட்டுக்குப் போய் மெல்ல அழுத்தத் தொடங்கின. கண்கள் மட்டும் கண்ணாடியிலேயே இருந்தன.

"சொல்லு மாப்ளே. இஸ்பேடுதானா?"

"நீங்களே... கண்டுபிடிங்க..." என்றது கண்ணாடி. இமை சரிந்தது. வாய் லேசாகத் திறந்தது. மெல்லிய குறட்டை கிளம்பியது.

சலூன்காரருக்கு மயிர்க்கூச்செறிந்தது. தலைமுடி மொத்தமும் பந்தயத்தில் இருக்கும்போது ஒரு மனுஷன் தூங்குகிறான் என்றால் அது எப்பேர்ப்பட்ட நிம்மதி! பொய்க்காரனுக்கு இப்படித் தூக்கம் வருமா?

"இஸ்பேடுதான்! படிச்சிட்டேன்!" என்று கிசுகிசுத்து, தன் சீட்டுகளைக் கவிழ்த்துப் போட்டார். "நான் வெளியே."

"அண்ணே," என்றார் மருந்துக்கடைக்காரர் தயங்கியபடி, "அந்த நாற்காலியில உக்காந்தா யாருதான் தூங்கல? போன வாரம் பல்வலியோட வந்த நானே தூங்கிட்டேனே!"

அந்த நேரம் பார்த்துப் போர்வைக்குள்ளிருந்து சீட்டு நழுவி, தரையில் மல்லாந்து விழுந்தது. இஸ்பேடு இல்லை; சிவப்பு ஆட்டின் ரெண்டு.

சத்தம் கேட்டு, துவைத்த துண்டுகளோடு மனைவி உள்ளே வந்தாள். கதை முழுவதையும் நின்றபடியே கேட்டாள்.

"ஏங்க, பாதிதான் ஏற்கெனவே பந்தயத்துல போயிடுச்சே. மிச்சத்தையும் வெச்சுத் தோத்திருந்தா மழுமழுன்னு பார்க்க மனுஷன் மாதிரியாவது இருந்திருப்பீங்க. பயந்துபோய் விட்டதுல இப்ப பாதியோடல்லவா நிக்கணும்! இந்தக் கணக்கு தோணலியா?"

சலூன்காரருக்குத் தோன்றவில்லை. இப்போது தோன்றிவிட்டதை ஒப்புக்கொள்ளவும் முடியாது. ஒரு பக்கத்தைத் தாமே மழித்தார். "மறுபக்கத்தையும் எடுத்துத் தொலைங்களேன்" என்றாள் மனைவி.

"அது நான் காப்பாத்தினது" என்றார் அவர் கம்பீரமாக. ஒரு பக்கக் கம்பீரம்.

தெரு சிரித்தது. கடைப் பலகையை நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே எட்டிப் பார்க்கிறவர்கள் அதிகமானார்கள். வெறும் பக்கத்தில் முடி முளைக்கும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. காப்பாற்றிய பாதிக்கு எண்ணெய் தடவி நன்றாக நீட்டி, மூக்குக்குக் கீழே திருப்பி, மறு கன்னம்வரை இழுத்து ஒட்டவைத்தார்.

அடுத்த விடுமுறை நாளில் மீட்டர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கண்ணாடியில் அந்த மீசையைப் பார்த்தார். தன் கற்றையை ஒருமுறை தடவிக்கொண்டார். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

"அழகா இருக்கு மாமா. எந்தச் சலூன்?"