சான் வேரோ மாதாவுக்கு ஒரு நன்றி அறிவித்தல்

மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் றெனோல்ட்டிடம் அகப்பட்டால் அரைமணி நேரம் போச்சு. சொந்த ஊரான மன்னாரைப் பற்றிக் கேட்டால் இரண்டு வார்த்தையோடு நிறுத்திவிடுவான். சான் வேரோவைப் பற்றிக் கேட்டீர்களோ, தொலைந்தீர்கள். மத்தியதரைக் கடலில் கடுகளவு தீவு, அதில் ஒரேயொரு ஊர். கனடாவுக்கு வரும் வழியில் மூன்று வருடம் அங்கே தங்கிப்போனான். கோட்டையைக் கூட்டித் துடைக்கிற வேலை. வழிகாட்டிகள் சொன்னதையெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டான்.

"ஒரே விடியக்காலைக்குள்ளை கடற்கொள்ளைக்காரர் முழு ஊரையும் கப்பலிலை ஏத்திக்கொண்டு போட்டாங்கள் அண்ணை. மிஞ்சினது மணிக்கூண்டும் மாதா சுரூபமும்தான். பேந்து குடியேறின சனம், போனவையின்ரை பேரைக் கல்லிலை வெட்டி வைச்சிருக்கினம். எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர். துடைச்சுத் துடைச்சு எனக்கு எல்லாம் பாடம்."

"மெல்லக் கதையும்" என்பார் ஞானேந்திரன். மாதா கோவிலில் ஞாயிறு பூசைக்குக் கொடுக்கும் தமிழ் மடலைத் தயாரிப்பவர் அவர். பயப்படக் காரணமிருந்தது. கொழும்பிலிருந்து நேரே வந்ததாகத்தான் றெனோல்ட்டின் அகதி மனு சொன்னது. இடையில் இன்னொரு நாட்டில் இருந்தது தெரிந்தால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஆளனுப்பிய ஏஜென்சிக்காரன் சொல்லிக்கொடுத்த பொய். மனு வென்றால்தான் மன்னாரிலிருக்கும் மனைவி செலீனையும் ஏழு வயது மகள் ஷெரோனையும் கூப்பிடலாம். விசாரணை 2004 வைகாசியில். ஊரில் அப்போது சமாதான காலம் வேறு. இனி என்ன பயம் என்று கேட்டு ஆட்களின் மனுவை மறுக்கிறார்களாம் என்ற கதை கோவில் வாசலிலேயே அடிபட்டது.

மாசி மாதம் செலீன் தொலைபேசியில் அழுதாள். பிள்ளைக்கு மூன்றாம் தரமும் காய்ச்சல்.

"தீவிலை வைச்ச நேத்தியை முடிச்சீங்களோ?"

தீவை விட்டுப் புறப்பட்ட அன்று, கனடா போய்ச் சேர்ந்தால் பெயரோடு சபையறிய நன்றி சொல்லுவேன் என்று மாதாவின் முன் நின்று நேர்ந்திருந்தான். நேர்ந்து இரண்டு வருடமாகிவிட்டது.

"இல்லை."

"மாதாவோடை விளையாடாதேங்கோ. பிள்ளைக்கு ஏதும் நடந்தால் நான் என்ன செய்யிறது?"

அடுத்த நாளே றெனோல்ட், மடலில் நன்றி அறிவித்தல் போடவேண்டுமென்று ஞானேந்திரனிடம் போனான்.

"பேரையும் ஊரையும் போடாதையும்" என்றார் அவர்.

"பேரில்லாமல் நேத்தி செல்லாது அண்ணை. தமிழ் மடல்தானே, ஆர் வாசிக்கப்போயினம்?"

இரண்டு வரி போதும். இந்த மனுசன் ஒரு முழுப் பக்கம் கொடுத்தான்: மணிக்கூண்டு, கல்லில் வெட்டிய பெயர்கள், தான் அங்கே வேலை செய்த மூன்று வருடம், எல்லாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவனுக்கு வாய் போதாமல் கையும் சேர்ந்தது. மடல் வந்த கிழமையே ஷெரோனின் காய்ச்சல் விட்டது. அவனுக்கும் மனம் ஆறியது.

சித்திரையில் சட்டத்தரணி, கோவில் தொடர்புக்கு அத்தாட்சி கேட்டார். றெனோல்ட் ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யில் உணவகமொன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான், விடுப்பு இல்லை. கோவில் அலுவலகத்து றோசாவிடம் சொல்லிவிட்டான். அந்த நல்ல மனுசி ஒரு கடிதத்தோடு அவன் பெயர் வந்த மடல்களையெல்லாம் தேடியெடுத்து, பெயருக்கு மஞ்சள் கோடும் போட்டு, உறையிலிட்டு ஒட்டிக் கொடுத்தாள். வேலை முடிந்து வரும் வழியில் அவனே அதைப் பிரிக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தான். சட்டத்தரணி அவசரத்தில் பிரித்துப் பாராமலே கட்டோடு கட்டாக விசாரணைக்கு அனுப்பிவைத்தார்.

விசாரணை அறையில் அதிகாரி மஞ்சள் கோட்டோடு முழுப் பக்கத்துக்கு இருந்த ஒரு தாளை மட்டும் தனியே எடுத்து, மொழிபெயர்ப்பாளர் யோகராணியிடம் நீட்டினார். வாசித்து அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல யோகராணியின் முகம் வாடியது.

"சான் வேரோ மாதாவுக்கு நன்றி சொன்ன றெனோல்ட் நீங்கள்தானோ எண்டு கேக்கிறார்."

மொன்றியலில் றெனோல்ட்டுகளுக்கா பஞ்சம்? வேறு ஆள் என்று சொல்லலாம். சட்டத்தரணி கண்ணாலேயே கெஞ்சினார். ஆனால் இல்லையென்றால் நேர்த்தி இல்லையென்றாகும். பிறகு பிள்ளைக்கு ஏதும் வந்தால்?

"ஓம், நான்தான்."

அதிகாரி வேறொன்றும் கேட்கவில்லை, நெடுநேரம் எழுதிக்கொண்டிருந்தார்.

அன்று பின்னேரம் டெப்பனர் என்கிற மூலைக் கடையில் தொலைபேசி அட்டை வாங்கி மன்னாருக்கு அழைப்பு எடுத்தான். அவன் வாய் திறப்பதற்குள் செலீன் தொடங்கிவிட்டாள். இவ்வளவு சந்தோசமான குரலை அவன் கேட்டுப் பல வருடம்.

"நேத்தி முடிஞ்சுதெல்லே, இனிப் பயமில்லை. வீட்டை வித்துப்போட்டன். உங்களிட்டை வாறதுக்கு அடுத்த கிழமை பிள்ளையோடை கொழும்புக்கு வெளிக்கிடுறம்."