டிம்ப்னா கேட்ட வெற்று அறை

உங்கள் வீட்டிலிருந்து கப்பல் ஏறிப் போனவர்களின் பெயர்களைச் சொல்லச் சொன்னால், எத்தனை பேரைச் சொல்வீர்கள், எத்தனை பேரை விழுங்குவீர்கள்?

சொல்லும் பெயர்கள் எனக்குத் தெரியும். பாஸ்டனில் போலீஸ்காரராக இருந்த மாமா. பிலடெல்பியாவில் மாடி வீடு கட்டிய சித்தப்பா. அவர்களுடைய படங்கள் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்திலேயே தொங்குகின்றன. நான் கேட்பது விழுங்கும் பெயர்களை. இந்தக் கேள்வியும் என்னுடையதல்ல, டிம்ப்னா லேஹியுடையது. அதைக் கேட்டதற்காகத்தான் இந்த ஊர் இப்போது அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடக்கிறது.

உங்களில் பாதிப் பெண்களின் தலைமுடி அவர் கையில் இருந்திருக்கிறது. காசில் தெருவில் முடி அலங்காரக் கடை வைத்திருந்தவர். உலர்த்தும் இயந்திரத்துக்குள் தலையைக் கொடுத்துவிட்டால், பாவமன்னிப்புக் கூண்டில் சொல்லாததையும் பெண்கள் சொல்லிவிடுவார்கள். பாதிரியார் பாவத்தைக் கேட்டார். டிம்ப்னா நடந்ததைக் கேட்டார். இரண்டும் ஒன்றல்ல.

படகுத்துறையில் பூட்டிக் கிடக்கும் தானியக் கிடங்கை என்ன செய்யலாம் என்று சில வருடங்களுக்கு முன்பு ஊரைக் கூட்டிக் கேட்டார்கள். ஹோட்டல் என்றார் ஒருவர், கார் நிறுத்தலாம் என்றார் இன்னொருவர். டிம்ப்னா எழுந்து, நம் சனத்தில் பாதி இந்தப் படிக்கட்டில் இறங்கித்தான் போனது, போனவர்களுக்காக ஓர் அருங்காட்சியகம் வையுங்கள் என்றார். கைதட்டல் அடங்கச் சற்று நேரம் பிடித்தது. அன்றே ஒரு குழு அமைந்தது. வீடு, நிலம் ஏலம் விடும் மலக்கி டைனன் அதற்குத் தலைவரானார். கெட்ட மனிதர் இல்லை. இறுதிச் சடங்குகளில் அருமையாகப் பாடுவார்.

திட்டம் அழகாகவே வந்தது. வாசலில் பஞ்ச காலத்துக் கப்பலின் அடித்தட்டு. அடுத்து குத்தகைக்காரர்களின் கூரையைப் பிடுங்கிய நிலப்பிரபு. நடுவில், அத்தனைக்கும் இதயமாக, 'அமெரிக்க இழவு' நடக்கும் ஒரு சமையலறை. கடல் தாண்டுகிறவர் திரும்பப் போவதில்லை என்று தெரிந்து, உயிரோடு இருக்கும்போதே இழவு வைத்து அனுப்பியவர்கள் நாம். பீப்பாயில் கறுப்பு பீர், புகைக்கக் களிமண் சுங்கான்கள், பிடில், தரை அதிரும் ஆட்டம், நடுநடுவே தாயின் ஒப்பாரி. விடிந்ததும் ஊரே துறைவரை கூட நடக்கும். இதையெல்லாம் தினமும் பிற்பகலில் நடிகர்களை வைத்து நடத்திக் காட்டுவதாக முடிவாயிற்று.

டிம்ப்னா எல்லாவற்றுக்கும் சரி என்றார். ஒன்றை மட்டும் கூடுதலாகக் கேட்டார். அந்தச் சமையலறைக்குப் பக்கத்தில் அதே அளவில் இன்னொரு சமையலறை. அதே அடுப்பு, அதே பீங்கான் அலமாரி, சுவரோரம் அதே நாற்காலிகள். உள்ளே யாரும் இருக்கக் கூடாது. பிடில் கூடாது. கதவில் ஒரு வரி போதும்: ஊனா லேஹி, 1961.

ஊனா அவருடைய அக்கா. பத்தொன்பது வயதில் வயிறு தெரிய ஆரம்பித்தது. பாதிரியார் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் தனியாகப் பேசினார். பாதிரியார் கிளம்பியபோது அம்மா அவருக்கு முட்டை கொடுத்தனுப்பினாள். அந்த வாரமே இங்கிலாந்துக்கு மாடு ஏற்றிப் போகும் கப்பலில் ஊனாவுக்கு இடம் எடுத்தார்கள். நர்ஸ் வேலைக்குப் போகிறாள் என்று சொல்லச் சொன்னார்கள்.

போன அன்று மாலை அப்பா பெட்டியைப் பின்சந்துக் கதவுவரை தூக்கி வந்து கீழே வைத்தார். அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. பன்னிரண்டு வயது டிம்ப்னாவிடம் கோட்டைக் கொடுத்து, அக்காவிடம் கொடுத்துவிட்டு உடனே உள்ளே வா என்றாள் அம்மா. பிறகு மேசையில் எல்லோருக்கும் தட்டு வைத்தாள். ஊனாவுக்கும் வைத்தாள். யாராவது எட்டிப் பார்த்தால் சந்தேகம் வரக் கூடாதாம்.

இங்கேதான் இவர்கள் கணக்கு தப்பியது. இழவு வைத்தே ஆளை அனுப்பும் ஊரில், இழவு வைக்காமல் ஒரு பெண்ணை அனுப்பினால் அதுவே தண்டோரா. பிடில் சத்தம் கேட்காத வீட்டைப் பார்த்து, இரவு ஜெபமாலை முடிவதற்குள் தெருவே விஷயத்தைத் தெரிந்துகொண்டது. மறைக்க நினைத்த ஒன்றை இதைவிடத் தெளிவாக யாராலும் அறிவித்திருக்க முடியாது. தெரிந்துகொண்டவர்கள் யாரும் கதவைத் தட்டவில்லை. தெரியாத மாதிரி இருப்பதுதான் கண்ணியம் என்று சொல்லிக் கொடுத்து வளர்த்திருந்தார்கள்.

அதே வாரம், ஊனா கிளம்புவதற்கு முன்பு, இன்னொரு வீட்டில் பெரிய இழவு நடந்தது. அமெரிக்கா போகும் ஒரு பையனுக்காக. இரண்டு பீப்பாய், மூன்று பிடில். ஊனாவின் குழந்தைக்கு அப்பன் அவன். அந்த இழவு வீட்டில் தேநீர் ஊற்றிக் கொடுக்க ஊனாவையே கூப்பிட்டிருந்தார்கள், அவளும் போய் ஊற்றினாள். பெயர் எனக்குத் தெரியும். எழுதக் கூடாது என்று ஊனா சொல்லியிருப்பதால் எழுதவில்லை. அவன் படம் அருங்காட்சியகத்தின் 'வென்றவர்கள்' சுவருக்குத் தேர்வாகிவிட்டது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில், கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு விடுதியில் ஊனாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பால் வற்றும் முன்பே கன்னியாஸ்திரீகள் அதை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். பிறகு ஊனா ஒரு தொழிற்சாலை உணவகத்தில் வேலை பார்த்தார். இங்கே திரும்பவேயில்லை. அம்மாவின் சாவுக்கும் வரவில்லை. இப்போது எண்பத்திரண்டு வயது, இதயம் பலவீனம். டிம்ப்னா அந்த அறையைப் பற்றி அவரிடம் போனில் சொன்னார்.

ஊனா சொன்னார்: "அப்படி ஒரு ரூம் வச்சாங்கன்னா வர்றேன் டிம்ப். முன்வாசல் வழியா வருவேன். வைக்கலைன்னா என்னைக் கூப்பிடாதே."

டிம்ப்னா இந்த அறைக்காக நிற்பதற்குக் காரணம் இவ்வளவுதான். அறை இருந்தால் அக்கா வருவார். இல்லாவிட்டால் கோவென்ட்ரியிலிருந்து ஒரு நாள் வேறொரு போன் வரும்.

போன மாதம் பொதுக் கூட்டத்தில் இது விவாதத்துக்கு வந்தது. மலக்கி டைனன் பொறுமையாகவே பேசினார்.

"வெறும் ரூமைப் பாக்க யாரு டிக்கெட் வாங்குவாங்க டிம்ப்னா? பாஸ்டன்லேருந்து வர்றவங்க தாத்தா பாட்டியைத் தேடி வர்றாங்க. அவங்களை அழ வைக்கலாம், தப்பில்ல. வெட்கப்பட வைக்கக் கூடாது."

"அவங்க ஏன் வெட்கப்படணும் மலக்கி? அவங்களா தொரத்தினாங்க? வெட்கம் நமக்குன்னு சொல்லுங்க."

அப்போது முன்வரிசையிலிருந்து டிம்ப்னாவின் அண்ணன் கோல்மன் எழுந்தார். மாதா கோவிலில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர். செத்துப்போன அம்மாவைச் சந்திக்கு இழுக்காதே என்று தங்கையிடம் சொல்லிவிட்டு, சபையைப் பார்த்துத் திரும்பினார். "எங்க அக்கா நர்ஸ் வேலைக்குத்தான் போனா. அது இந்த ஊருக்கே தெரியும்."

பின்வரிசையில் மீன் கடை நோரீன் இருந்தார். "கோழி அறுக்கிறதைப் பாத்தாலே மயங்கி விழுவாளே, அவளா நர்ஸு?" என்றார். சிரித்தவர்கள் எல்லாம் வயதானவர்கள். சிரித்த பிறகுதான், தங்களுக்குத் தெரியும் என்பதைக் காட்டிக்கொண்டுவிட்டோம் என்று அவர்களுக்கு உறைத்தது. சபை குனிந்து தரையைப் பார்த்தது.

டிம்ப்னா அண்ணனிடம் மெதுவாகத்தான் சொன்னார். "ஊருக்கே தெரியும்னு நீயே சொல்லிட்ட. எனக்கு அது போதும் கோல்மன்."

அவருக்குப் போதும், குழுவுக்குப் போதவில்லை. வாக்கெடுப்பில் வெற்று அறை தோற்றது. அந்த இடத்தில் தேநீர்க் கடை வரும் என்கிறது திருத்திய வரைபடம். சமரசமாக, 'பெண்களும் இன்னல்களைச் சந்தித்தார்கள்' என்று ஒரு பித்தளைத் தகடு வைக்க முன்வந்தார்கள். இன்னல் நடந்து வந்து ஊனாவைச் சந்தித்ததா, நாம் அவளைக் கையைப் பிடித்து அதனிடம் அழைத்துப் போனோமா என்று கேட்டுவிட்டு டிம்ப்னா வெளியே நடந்தார்.

எனக்குக் கசப்பது அந்தத் தகடுதான். பஞ்சம் துரத்தியது என்கிறோம், உண்மை. நிலப்பிரபு துரத்தினான், அதுவும் உண்மை. பசிக்கு முகமில்லை, நிலப்பிரபு நம் ஆளில்லை, ஆகவே இரண்டையும் சுவரில் மாட்டிவிட்டு அழலாம், டிக்கெட்டும் விற்கலாம். ஊனாவைத் துரத்தியவர்களுக்கு முகம் இருந்தது. ஞாயிறு காலையில் முன்வரிசையில் முழந்தாளிட்டிருந்த முகம் அது. அவர்களை ஏவியவர்கள் கடவுளின் பெயரைச் சொன்னார்கள். கடவுளுக்கு அதைப் பற்றி என்ன கருத்து என்று யாரும் விசாரிக்கவில்லை, விசாரிக்க வழியும் இல்லை. ஒரே செயலுக்கு ஆணுக்கு மூன்று பிடில், பெண்ணுக்குப் பின்சந்து. இந்த நியாயத்தை எந்த அந்நியனும் நமக்குக் கப்பலில் கொண்டுவந்து இறக்கவில்லை, நாமே செய்துகொண்டோம். தன்னைத் துரத்தியவர்களை மட்டும் காட்டி, தான் துரத்தியவர்களைப் பதுக்கும் ஊர் கட்டுவது அருங்காட்சியகமே அல்ல. அது கடை.

கூட்டத்துக்குப் பிறகு கோல்மன் தங்கையோடு பேசுவதில்லை. டிம்ப்னா தேவாலயப் படியில் நின்றால் சிலர் குடையைச் சாய்த்துக்கொள்கிறார்கள். ஆனால் பின்கதவு வழியாக அவர் வீட்டுக்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு அத்தை, ஒரு சின்னம்மா, ஒரு வேலைக்காரப் பெண் என்று பெயர்களை அவர் காதில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கூட்டத்தில் வந்து சொல்லுங்கள் என்றால் தலையாட்டிவிட்டு அதே கதவு வழியாக வெளியேறுகிறார்கள். அவர்கள்மேல் எனக்கு இரக்கம் இருக்கிறது. மரியாதை கொஞ்சம் குறைவுதான்.

ஊனாவுக்கு டிம்ப்னா இன்னும் தோல்வியைச் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் போனில், முடிவாகவில்லை என்றே சொல்லி வருகிறார். அது முழுப் பொய்யல்ல. வரைபடத்துக்கு எதிரான கருத்துகளை இந்த மாதக் கடைசிவரை துறைமுக அலுவலகத்தில் குழு வாங்கிக்கொள்ளும், யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

எழுதுங்கள். நீளமாக வேண்டாம், என் கோபத்தைக் கடன் வாங்கவும் வேண்டாம். தேநீர்க் கடை வேண்டாம், அந்த அறையைக் காலியாக விடுங்கள் என்று ஒரே வரி. அதன்கீழே உங்கள் சொந்தப் பெயரைப் போட்டு, தபாலில் அனுப்பாமல் துறைமுக அலுவலகத்துக்கு நீங்களே போய், பகல் வெளிச்சத்தில், நாலு பேர் பார்க்கக் கொடுங்கள்.