பேச்சியம்மாள் அத்தையின் ஜீப் அழவில்லை

அத்தை இறந்த செய்தி எனக்கு ஒரு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாக வந்தது. அட்டுவம்பட்டி வீட்டில் பல் துலக்கிக்கொண்டே போனைத் திறந்தேன். ரோஜாவும் மெழுகுவர்த்தியும் போட்ட சட்டத்துக்குள் அத்தையின் முகம். பூம்பாறை ஜீப் ஸ்டாண்டில் யாரோ செய்த கைவேலை. அசல் படத்தில் அவர் தன் ஜீப்பின் பானெட்டில் முழங்கையை ஊன்றி நிற்பார். ஜீப்பை வெட்டி எறிந்திருந்ததால் முழங்கை இப்போது ரோஜாப்பூவின் மேல் நின்றது. அதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் கீழே எழுதியிருந்ததைப் படித்தேன். அதற்குள் பக்கத்து அறையில் அப்பாவின் போன் அடித்தது. தூக்கத்திலேயே மாரடைப்பாம்.

ஸ்டாண்டில் இருக்கும் மாமாக்களே, அண்ணன்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் அத்தையை அறிந்தவர்கள். அறிந்திருந்தும் அப்படி ஒரு காரியம் செய்தீர்களே என்பதுதான் எனக்குக் குமட்டுகிறது.

பேச்சியம்மாள் அத்தை என் அப்பாவுக்கு அக்கா. மாமா போன பிறகு அவருடைய பழைய ஃபோர்வீல் ஜீப்பை அத்தையே ஓட்டினார். மன்னவனூர் கேரட்டும் பூம்பாறைப் பூண்டும் அந்த வண்டியில்தான் கொடைக்கானலுக்குப் போகும். வண்டிக்கு என் அப்பாவைவிட வயது குறைவு, இருமல் அதிகம். அந்த இருமலோடு குடும்பம் நடத்தியதால் எந்த ஜீப்பில் என்ன சத்தம் வந்தாலும் டிரைவர்கள் அத்தைக்குத்தான் போன் போடுவார்கள். எடுத்ததும் அத்தை சொல்வது, "வாயால போட்டுக் காட்டு." மீசை முறுக்கிய பெரிய மனிதர்கள் நடுரோட்டில் நின்று "கொர்ர்ர்... டக்... டக்" என்று போனுக்குள் உறுமுவார்கள். டூரிஸ்ட்டுகள் காட்டெருமையை விட்டுவிட்டு இவர்களைப் படம் எடுப்பார்கள்.

இதைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா இருப்பேனா? ஒரு நாள் தோழியின் போனிலிருந்து குரலை மாற்றி அழைத்தேன். "அக்கா, வண்டி ரிவர்ஸ் எடுத்தா ம்ம்ஹேஏஏன்னு கத்துதுங்க" என்று என் வாழ்நாளின் சிறந்த சத்தத்தைப் போட்டேன். அத்தை பொறுமையாகக் கேட்டார். "இது கிராஸ் மூட்டும் இல்ல, கிரவுன் பல்லும் இல்ல. எந்த வண்டியிலயும் இந்தச் சத்தம் வராது. ப்ளஸ் டூ படிக்கிற வாயிலதான் வரும். போயி பாடத்தைப் படி, வாயாடி நாயே" என்றார். அன்று மாலையே வீட்டுக்கு வந்து, அப்பா முன்னால் என்னை மறுபடியும் அந்தச் சத்தத்தைப் போடச் சொன்னார். நானும் போட்டேன். அத்தை முகத்தில் ஒரு சிரிப்பில்லை. அழுகின முட்டையை உடைத்தவர் மாதிரி மூக்கைச் சுளித்து, "முன்னைக்கு இப்ப ரொம்ப மோசம்" என்றார்.

அருவருப்பு அவருடைய தாய்மொழி. ஸ்டாண்டில் வண்டி ஓட்டும் மூர்த்தி மாமாவின் ஜீப்பில் அடியில் ஓடும் ஷாஃப்ட்டின் மூட்டு தேய்ந்து, கியர் மாற்றும்போதெல்லாம் 'டக்' என்று அடித்தது. மாமா அதற்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். 'டக்' பெரிதானது, பாட்டும் பெரிதானது. பூம்பாறை ஏற்றத்தில் ஷாஃப்ட் கழன்று ரோட்டில் விழுந்தபோது காதல் பாட்டு மட்டும் மேலே ஏறிக்கொண்டிருந்தது. அத்தை வந்து குனிந்து பார்த்தார். "ஏலே மூர்த்தி, பாட்டுப் போட்டா வண்டி தூங்கிருமா? அது என்ன தொட்டில் புள்ளையா?" என்று கேட்டார். மாமா தலையைச் சொறிந்தார். பாவம், தலைக்குள்ளும் எதுவும் மாட்டியிருக்கவில்லை.

அத்தை எல்லாரிடமும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சத்தம் எப்ப வருதுன்னு எந்தப் பயலும் சொல்லுவான். எப்ப நிக்குதுன்னு சொல்லு." கிளட்ச்சை மிதித்ததும் நின்றால் ஒரு இடம். ஒரு பக்கம் வளைத்ததும் நின்றால் வேறு இடம். எப்போது நிற்கிறது என்று தெரியாமல் ஸ்பேனரைத் தொடுபவனைக் கண்டால் அத்தைக்கு ஆகவே ஆகாது.

இனி, நீங்கள் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

அத்தையை அவருடைய ஜீப்பிலேயே சுடுகாட்டுக்குக் கொண்டுபோனீர்கள். அது சரிதான். பொம்பளைகள் வரக் கூடாது என்று எங்களை வாசலிலேயே நிறுத்தினீர்கள். வாழ்நாள் முழுக்க உங்களைச் சேற்றிலிருந்து இழுத்துவிட்ட ஒரு பொம்பளையைத் தூக்கிக்கொண்டு போகும்போது அப்படிச் சொன்னீர்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் நீங்கள் திரும்பி வரும்போது ஜீப் முனகியது. நேர் ரோட்டில் ஒரு உறுமல். வளைவு வந்தால் விட்டு விட்டு ஒரு விம்மல். உடனே போனை நீட்டிப் படம் எடுத்து, சோகப் பாட்டைச் சேர்த்து, 'எஜமானியை இழந்து கதறும் ஜீப்' என்று போட்டுவிட்டீர்கள். ஜீப் உருண்டதைவிட நீங்கள் உருட்டியதுதான் அதிகம். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குக் கீழே சாயங்காலம் தண்ணீர் அஞ்சலியும் நடந்தது. அங்கே இருந்த எல்லாரும் அத்தையிடம் சத்தம் காட்டியவர்கள். ஒருவர்கூட வண்டிக்குப் பக்கத்தில் குனியவில்லை.

இது வெறும் அசிங்கத்தோடு முடிந்திருந்தால் ஒரு ஏச்சோடு விட்டிருப்பேன். அத்தை மகன் செந்தில் அத்தான் கொடைக்கானலில் ஹோட்டல் வேலையில் இருப்பவர்; அந்த வீடியோவை அவர் நம்பினார். அம்மா செத்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதர். "உள்ள இருந்து அம்மா அழுவுற மாதிரி கெடக்கு புள்ள. என்னால ஏறவே முடியலை" என்றார். நீங்களும், "அக்கா ஆவி இறங்கலை, வச்சிருக்காதே தம்பி" என்று நல்ல யோசனை சொல்லியிருக்கிறீர்கள். கருமாதி முடிந்ததும் வத்தலக்குண்டு காயலான் கடைக்காரர் வண்டியை உடைக்க எடுத்துப்போவதாகப் பேச்சு முடிந்துவிட்டது.

"ஆவி வந்தா ரேடியேட்டர்ல வரும் அத்தான். சாவியை எடுங்க" என்றேன்.

"விளையாடாத."

"விளையாடலை. ஒரே ஒரு நடை. அத்தை வண்டியை அத்தை மாதிரி ஒரு தடவை பாத்துட்டுக் குடுத்துருங்க. இல்லைன்னா அந்தாளு வர்ற அன்னைக்கு நான் வண்டிக்குள்ளயே படுத்துக்குவேன். என்னையும் சேத்து எடை போடட்டும்."

முகத்தைச் சுளித்துக்கொண்டு ஏறினார். ஊரைத் தாண்டியதும் முதல் வளைவில் விம்மல் தொடங்கியது.

"கிளட்ச் மிதிங்க."

"மிதிச்சுட்டேன். நிக்கலை."

"நியூட்ரல்."

"போட்டாச்சு. இன்னும் அழுவுது பாரு புள்ள."

"அழுவலை. சுத்துது. எஞ்சினும் கியர்பாக்ஸும் சும்மா இருக்கறப்பவும் சக்கரத்தோட சேந்து என்னமோ சுத்துது. சுடுகாட்டுச் சேத்துல ஃபோர்வீல் போட்டாங்களா?"

"போடாம எப்படி? முழங்கால் வரைக்கும் சேறு."

"ஓரங்கட்டுங்க."

இந்த ஜீப்பில் முன்சக்கரங்கள் இரண்டின் நடுவிலும் கையால் திருகும் பூட்டு ஒன்று உண்டு. நாலு சக்கரமும் இழுக்க ஃபோர்வீல் போடும்போது இறங்கி இரண்டையும் பூட்ட வேண்டும். தார் ரோட்டுக்கு வந்ததும் இறங்கி இரண்டையும் திறக்க வேண்டும். வலது பக்கம் பார்த்தேன். திறந்திருந்தது. இடது பக்கம் போனேன். காய்ந்த சேற்றுக்கடியில் பூட்டியபடியே இருந்தது. அந்த ஒரு சக்கரம் மட்டும் உள்ளே தேய்ந்துபோன மூட்டையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. சக்கரம் வளையும்போதெல்லாம் மூட்டு திக்கியது. நீங்கள் பாட்டுச் சேர்த்த கதறல் இதுதான். சேற்றைச் சுரண்டி, திருகிவிட்டு ஏறினேன்.

அடுத்த வளைவில் சத்தமில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. டீசல் எஞ்சினின் பழைய இருமல் மட்டும்தான். செந்தில் அத்தான் வண்டியை நிறுத்தினார். ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்தார். ஜீப் விட்ட இடத்திலிருந்து அவர் தொடங்கினார். அந்தச் சத்தம் எப்போது நிற்கும் என்று நான் கேட்கவில்லை. ரோட்டோரத்தில் இறங்கி நின்று, பின்னால் வந்த வண்டிகளுக்கு ஒதுங்கிப் போகும்படி கை காட்டிக்கொண்டிருந்தேன்.

வெகுநேரம் கழித்து ஸ்டாண்டுக்கு வந்தோம். பூட்டைப் பற்றிச் சொன்னதும் மூர்த்தி மாமா முகம் வெளுத்தது. "நான்தான்த்தா தொறந்தேன். வலது பக்கம் தொறந்துட்டு இடது பக்கம் போகணும்னா சுடுகாட்டைப் பாத்துத் திரும்பணும். பெருசுங்க எல்லாம், திரும்பிப் பாக்காதே, வெரசா ஏறுன்னு கத்துனாங்க. ஏறிட்டேன்" என்றார். அதில்கூட எனக்குக் கோபமில்லை. பயந்த மனிதர் சாங்கியத்துக்குக் கட்டுப்பட்டார், சரி. அதற்குப் பிறகு எத்தனை பேர் அந்தச் சத்தத்தைக் கேட்டீர்கள்! கேட்டு, கையைக் கட்டிக்கொண்டு உருகினீர்கள். உண்மை தெரிந்ததும் உங்களில் ஒருவர் முகத்தில்கூட மகிழ்ச்சியில்லை. வீடியோவை அழிக்கச் சொன்னேன். "அதுக்காக அழிக்கணுமா தாயி? நெறைய பேரு பாக்குறாங்க" என்றார் ஒருவர். ச்சீ.

செந்தில் அத்தான் அங்கேயே நின்று காயலான் கடைக்காரருக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அத்தையுடைய காதும் கையும் எனக்கு வரவில்லை. அவர் தூரத்திலிருந்தே சொல்லியிருப்பார். நான் இறங்கி, சேற்றைச் சுரண்டித்தான் கண்டுபிடித்தேன். எனக்கென்று அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: அழகான பொய்யைக் கேட்டதும் புரட்டுகிற வயிறு. அதைப் பத்திரமாக வைத்துக்கொள்வேன்.

வீடியோவை அழித்துவிடுங்கள். நாளை வெள்ளனே வண்டி மன்னவனூர் போகிறது. கேரட் மூட்டை ஏற்ற ஆள் வேண்டும். அழ ஆள் வேண்டாம்.