காலையிலும் தூங்கிய மரம்

1. தொலைபேசி

அக்டோபர் மாதம், மாலை நாலேகால் மணி. சுங்கைப் பட்டாணியில் எங்கள் ஸ்டோரில் ரம்பச் சங்கிலிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தேன். குத்தகை முதலாளி சேகரன் கூப்பிட்டார்.

"அண்ணே, எட்டாங்கட்டையில மரம் சாஞ்சிருச்சாம். கடை மேலயே விழுந்திருக்காம். ரம்பத்த எடுத்துக்கிட்டு ஓடுங்கண்ணே."

எந்த மரம் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

இருபத்திரண்டு வருடம் சாலையோர மரங்களைச் சோதிக்கும் வேலை பார்த்தேன். இன்று இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் கேமராவைப் பறக்கவிட்டு மரம் பார்க்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். பெருமையாகச் சொல்லவும் சில விஷயங்கள் இருந்தன. அந்த ஒரு மரம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விட்டது.

2. அந்தச் சாலை

கோத்தா கோலா மூடா போகும் பெரிய ரோட்டின் எட்டாவது மைலில், அதாவது எட்டாங்கட்டையில், ஓர் எஸ்டேட்டுக்குள் பிரியும் கிளைச் சாலை அது. இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள் மேலே கிளை கோத்து நிற்கும். மாலை ஐந்து மணிவாக்கில் இலையை மூடிக்கொள்வதால் மலாய்க்காரர்கள் அதைப் புக்குல் லீமா, அதாவது ஐந்து மணி மரம் என்பார்கள். மழை மேகம் கட்டினாலும் மூடிக்கொள்ளும்.

வருடத்துக்கு நாலு ரவுண்டு போவேன். பிப்ரவரி வெயிலில் ரோடு முழுக்க மஞ்சள் சருகு, கெரேத்தா, அதாவது கார், போனால் பின்னாலேயே பறந்து வரும். ஏப்ரலில் துளிரும் ரோஸ் நிறப் பூவும். கல்யாணப் படம் எடுக்க வரும் ஜோடிகள் நடுரோட்டிலேயே உட்கார்ந்துவிடுவார்கள், ஹாரன் அடித்தால் நம்மை முறைப்பார்கள். ஜூலையில் பட்டப்பகலிலும் விளக்குப் போட்டு ஓட்டுகிற அளவுக்கு நிழல். அக்டோபர் வந்தால் மழையும் காற்றும்தான்.

மரத்தில் வெள்ளை வளையம் போட்டால் நல்ல மரம். மஞ்சள் என்றால் கவனிக்க வேண்டியது. சிவப்பு என்றால் வெட்ட வேண்டியது. சேகரனுக்குச் சிவப்பு ஆகாது.

"நீங்க ஒரு செவப்பு போட்டா எனக்கு நூறு புகார் சூராட், லெட்டரு, வரும்ணே. படம் எடுக்குறவன் எல்லாம் சண்டைக்கு வருவான். பாத்துப் போடுங்க லா."

எனக்கும் சிவப்பு போட மனம் வராது. அந்தச் சாலைமேல் எனக்கு அப்படி ஒரு கிறுக்கு.

3. தூங்குது

அலோர் ஸ்டாரில் எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: இந்த மரத்தைக் காலை பத்து மணிக்குள் பார்த்துவிடு. மாலையில் இலை மூடிவிட்டால் நல்ல மரமும் சீக்கு மரமும் ஒன்றுபோல மெலிந்து தெரியும். நானும் நோட்டில் எழுதிக்கொண்டேன், அடிக்கோடுகூடப் போட்டேன்.

ஆனால் என் ரவுண்டு டவுன் பக்கம் தொடங்கும். எட்டாங்கட்டைக்கு வரும்போது ஐந்து மணி தாண்டிவிடும். எங்கள் ஆட்களிடம் இதற்கென்றே ஒரு வார்த்தை இருந்தது. கிளை மெலிந்து தெரிந்தால், "தூங்குது லா" என்பார்கள். ஒன்றுமில்லை, அடுத்த மரத்துக்குப் போகலாம் என்று அர்த்தம்.

பின்னால் சாய்ந்த அந்த மரத்தடியில் பிலோமினா வாழைப்பழம் பொரித்து விற்பாள். மதியத்துக்குப் பிறகுதான் கடை. வீடு எதிர்ப்பக்கம். வேலை முடிந்ததும் அங்கே உட்கார்ந்து தின்றுவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன்.

ஜூலை ரவுண்டில் அவள் சொன்னாள்: "அண்ணே, இந்த மரம் காலையிலயும் தூங்குதுண்ணே."

நான் சிரித்தேன். "உன்ன மாதிரி அதுக்கு என்ன, காலையில அடுப்பா மூட்டணும்? தூங்கட்டும் விடும்மா."

"வெளையாடாதீங்கண்ணே. கதவத் தொறந்தா நேரா இதுதான் தெரியுது. மத்த மரமெல்லாம் முழிச்சிக்கிது. இது மட்டும் அப்படியே கெடக்கு."

முந்தின வருடம் குழாய் பதிக்க வந்தவர்கள் அந்தப் பக்கம் பள்ளம் தோண்டினார்கள். தொடைப் பருமன் வேர்கள் வெட்டுப்பட்டுக் கிடந்ததை நானே பார்த்தேன். அது போதும், பாடம் படித்தவனுக்கு. மறுநாள் காலை ஒரு நடை வந்திருக்கலாம். இல்லை, ரவுண்டை அந்தக் கோடியிலிருந்து தொடங்கியிருக்கலாம், ஒரு பைசா செலவில்லை. அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வெள்ளை வளையம் போட்டேன். பாரம் என்கிற சோதனைப் படிவத்தில் 'பாய்க்', நல்லது, என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன்.

4. சிவப்பு

மழைக்கு முந்தின காற்றுதான். மரம் வேரோடு சாய்ந்திருந்தது. குழாய்ப் பக்கம் வேரே இல்லை, மண்தான். கிளைகளை அறுத்துப் பிலோமினாவை வெளியே எடுக்க எங்களுக்கு நாற்பது நிமிடம் ஆனது. உயிர் எப்போதோ போயிருந்தது. நான் போட்ட வளையம் புதுசாக அப்படியே தெரிந்தது.

அந்த மாதமே எல்லா மரங்களையும் வெட்டச் சொல்லி உத்தரவு வந்தது. ஒன்றுவிடாமல் நான்தான் சிவப்பு போட்டேன். காலை எட்டு மணிக்குப் போய்ப் போட்டேன். எல்லாம் இலை விரித்து நின்றன, ஒரு குறையும் இல்லை. இப்போதும் அந்தப் பக்கம் போகிறேன், ஏன் போகிறேன் என்று தெரியாது. பிப்ரவரியா ஜூலையா என்று அந்த ரோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. எல்லா மாதமும் ஒரே வெயில்.

5. அந்தோணி

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன். கணவன் அந்தோணி பேக்டரியில் வேலை செய்கிறவர், என்னைவிட ரொம்பச் சின்னவர். நாற்காலி போட்டு உட்கார வைத்தார். காப்பி கலக்கிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"அண்ணே, அந்த மரம் சரியில்லனு எங்கிட்ட ரெண்டு மூணு தடவ சொன்னா. 'வேலயப் பாருடி'ன்னு சொல்லிட்டேன். ஒங்ககிட்ட ஏதும் சொன்னாளாண்ணே?"

"இல்ல தம்பி," என்றேன். "சொல்லியிருந்தா பாத்திருப்பேனே."

அவர் தலையை ஆட்டினார். "அப்ப எங்கிட்ட மட்டுந்தான் சொல்லியிருக்கா." இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அதைப் பார்த்துக்கொண்டே காப்பியைக் குடித்து முடித்தேன். அப்போதும் சொல்லவில்லை.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளே, மரத்தைக் காலையில் பாருங்கள். அதன் எதிரில் குடியிருக்கிறவர்கள் என்ன சொன்னாலும் பெயரும் தேதியும் போட்டுப் பாரத்தில் எழுதுங்கள். எனக்குத் தெரிந்த பாடம் இவ்வளவுதான்.

தம்பி அந்தோணி, பிலோமினா என்னிடமும் சொன்னாள். ஜூலையிலேயே சொன்னாள். நான் சிரித்தேன்.